தகரத்துக்கு அடியில் ஒட்டிய மேகம்

இப்போது எங்கள் வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. செய்தி முடிகிற நேரத்தில், கடல்மேல் நிற்கும் மேகங்களை ஆகாயத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். கறுப்பாகக் கடல், அதன்மேல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளை. அந்த நேரத்தில் வீட்டில் தட்டு எடுப்பார்கள், பாய் விரிப்பார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கும்போது கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்துவிடும். "இன்னாத்துக்கு மேல பாக்கற? பொட்டி இங்க இருக்குது" என்று என் மனைவி சிரிப்பாள். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும். நீளமாகப் பேசுவது எனக்கு எப்போதும் வராது. எழுதுவது பரவாயில்லை, எதிரில் யாரும் இல்லை.

அந்த மாதிரிப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், ஒரு ரைஸ் மில்லின் பாய்லர் கொட்டகையில். அப்போது எனக்கு இருபத்தைந்தைத் தாண்டிய வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மில்லில் நெல் அவிக்கிற வேலை. நெல்லை வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் கொப்பரையில் ஏற்றி, பாய்லரிலிருந்து நீராவியைத் திறந்துவிட வேண்டும். உமி லேசாக வாய் பிளந்ததும் நீராவியை அடைத்துவிட்டு, நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். களம் என்பது மில்லுக்கு முன்னால் இருந்த பெரிய சிமெண்ட் தரை. அதில் நெல்லை விரித்து, வெறுங்காலால் சால் இழுத்துக்கொண்டே போவேன். கோடு கோடாக நெல் புரளும். வெயில் ஏற ஏற நெல்லிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள் நடக்கும்போது ராஜகிரி மலையின் அடிப்பக்கம் கரைந்துபோய், உச்சிக் கோட்டை மட்டும் மிதந்துகொண்டிருக்கும். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். யாரும் என்னிடம் பேசவேண்டியதில்லை. நானும் யாரிடமும் பேசவேண்டியதில்லை.

எனக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் இருந்தார். பாய்லரைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். அடுப்புக்கு உமி தள்ளுவதும் பேசுவதும் அவருக்கு ஒரே மூச்சில் நடக்கும். எதிரிலிருந்த டீக்கடையில் பேப்பர் வந்ததும் முதலில் பிடிப்பவர் அவர்தான். ஒருநாள் அதிலிருந்து ஒரு படத்தைக் கடைக்காரரிடம் கேட்டுக் கிழித்துக்கொண்டு வந்தார். பூமியைச் சுற்றிவரும் ஒரு செயற்கைக்கோள் பிடித்த மேகப் படம். மை கலங்கி, பாதிக்குமேல் கரிப்பிடித் துணி மாதிரி இருந்தது. மெல்லிய கோடாக நம் நாட்டுக் கரையைப் போட்டு, கீழே ஒரு துளியாக இலங்கையைப் போட்டிருந்தார்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி, தயிர் கடையும்போது சுழல்வதுபோல ஒரு வெள்ளைச் சுருள்.

சுவரில் ஒட்டப்போகிறார் என்று நினைத்து நான் ஒரு இடத்தைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் ஏணியைத் தூக்கினார்.

"சொவத்துல இன்னாத்துக்குயா? வானத்துப் படம் இது. வானம் எங்க இருக்குது? தலைக்கு மேல இருக்குது. அங்கதான் ஒட்டணும்."

சோற்றுக் கஞ்சியைத் தடவி, கூரைத் தகரத்தின் அடியில், படம் கீழே பார்க்கும்படி ஒட்டினார். இலங்கை தெற்குப் பக்கம் வரவேண்டும் என்று வெளியே போய்ச் சூரியனைப் பார்த்து வந்து திருத்தி ஒட்டினார். இறங்கியதும் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைச் சுருள் மேற்குப் பக்கம், திருவண்ணாமலை ரோட்டுக்கு மேலே நின்றது. எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உமி மூட்டைமேல் மல்லாந்து படுத்தால் நேர் மேலே அந்தப் படம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் போனதில்லை. அந்தப் படத்தில்தான் எனக்குக் கடல் முதலில் வந்தது. பாய்லர் உறுமிக்கொண்டிருக்கும். கண் சொருகும். கறுப்பு மையெல்லாம் மெதுவாக அசைவதுபோல இருக்கும். அதற்குமேல் எங்கேயோ ஒரு இயந்திரம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குக் கால் வலிக்காது, பேசவேண்டியதில்லை, பார்த்தால் மட்டும் போதும் என்று நினைப்பேன். அந்த வேலை கிடைத்தால் நான் போயிருப்பேன்.

அந்த ஐப்பசியில்தான் அந்த அம்மா மாட்டுவண்டியில் நெல் கொண்டு வந்தார். சிங்கவரத்தைத் தாண்டிய ஒரு கிறிஸ்தவ ஊர். கழுத்தில் ஜெபமாலை, காலில் வயல் சேறு வெடித்த வெடிப்பு. மகளுக்குக் கல்யாணம். கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கு இன்னார் என்று ஊருக்கு அறிவித்தாகிவிட்டது, அடுத்த வாரம் தாலி. தள்ளிப்போடவும் முடியாது. ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கோயிலில் கல்யாணம் மந்திரிக்கமாட்டார்கள்.

மில்லில் சில்லறையாக வரும் நெல்லைத் தனித்தனியாக அவிப்பதில்லை. நாலைந்து பேர் நெல்லை ஒரே தொட்டியில் கொட்டி, அவித்து, காயவைத்து, அவரவர் மூட்டைக் கணக்குக்கு அளந்து கொடுப்போம். யார் நெல் யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த அம்மா மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை.

"தனித் தொட்டி குடுங்க. இதுங்கூட வேற நெல்லு கலக்கக் கூடாது."

"ஏம்மா, உன் நெல்லுக்கு இன்னா கொம்பா மொளச்சிருக்குது?" என்றார் மேஸ்திரி.

"எதுவும் மொளச்சிடக் கூடாதுன்னுதான் நானே வந்து குந்திக்கினு இருக்கறேன்."

மேஸ்திரிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே காரணம் கேட்டார். அந்த அம்மா மறைக்கவில்லை. அவர்கள் வீட்டில் அதுவரை நடந்த கல்யாணம் எல்லாம், அவருடைய கல்யாணம் உட்பட, கூலி நெல்லில்தான் நடந்தது. அடுத்தவன் வயலில் அறுத்து, களத்தில் அளந்து போட்ட நெல். இப்போதுதான் அவர்கள் பெயரில் கொஞ்சம் நிலம் வந்திருக்கிறது. அதில் விளைந்த முதல் நெல் இது. விதைக்குக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மிச்சத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்.

"பந்தில ஒக்கார்றவங்க எல்லாரும் எங்க நெலத்துச் சோத்த துன்னணும். கடைல வாங்கி ஆக்கறதா இருந்தா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"அப்ப பொண்ணு இன்னா பண்ணும்?"

"அதுவும் அதையேதான் சொல்லுது."

தனித் தொட்டி கொடுத்தோம். முதலாளி வெளியூர் போயிருந்தார், கேட்க ஆளில்லை. தண்ணீர் திறப்பதற்கு முன் அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, மழ வந்துடுமா?" என்றார். ஐப்பசி மாதத்தில் இதைக் கேட்காமல் யாரும் நெல்லை நனைக்கமாட்டார்கள். ஊறிய நெல் இரண்டு நாள் காயாமல் கிடந்தால் உள்ளே வெந்து, புளித்து, அரிசியில் ஒரு நாற்றம் ஏறிவிடும். எத்தனை தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் அது போகாது. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் விரலை மேலே காட்டினார்.

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். "இன்னாது இது, கிழிஞ்ச சீல மாதிரி?"

"செயற்கைக்கோள் புடிச்ச படம்மா. பாரு, மேகம் நம்மள தாண்டி அந்தாண்ட போயிடுச்சு. திருவண்ணாமலைக்கு மேல நிக்குது. திரும்பி வந்து உன் நெல்ல தேடிக்கினு இருக்கறதுக்கு அதுக்கு இன்னா வேலயா?"

"மேல இருந்தா புடிச்சான்?"

"மேல இருந்துதான்."

அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் தண்ணீரைத் திறந்தேன்.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. நெல் நன்றாக அவிந்தது. களத்தில் கொட்டி விரித்ததும் ஆவி எழும்பி, மலை வழக்கம்போல மிதக்க ஆரம்பித்தது. அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு எதிர்வரிசையில் கால் போட்டு வந்தார். ஆவிக்குள் எதிரெதிரே நடந்துபோவோம், வருவோம். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அவர் ஏதாவது ஒன்று சொல்வார். மாப்பிள்ளைக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பெண்ணுக்குக் குரல் பெரிசு. ரெண்டும் சரியாகப் போய்விடும். நான் தலையாட்டுவேன்.

மத்தியானம் தாண்டிக் காற்று நின்றது. மேஸ்திரி வாசலுக்கு வந்து மேற்கே பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. நான் மேற்கே பார்த்து நின்றிருந்தேன். திரும்பினேன். திண்டிவனம் பக்கம், கிழக்கே, வானம் பாய்லர் அடுப்பின் வாய் மாதிரி கறுத்திருந்தது.

பலகையைப் போட்டு நெல்லைத் தள்ளிக் குவிப்பதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. களத்தின் நடுமேட்டில் அம்பாரமாகக் கூட்டி, படுதாவைப் போர்த்தி, ஓரத்தில் கல்லை வைத்தோம். மூன்று பேரும் நனைந்தோம். மழை மேலே விழுந்தது மட்டுமல்ல, சிமெண்ட் தரையில் ஓடிவந்து படுதாவுக்கு அடியிலும் நுழைந்தது. பொழுது சாயும்வரை நிற்கவில்லை. விடிந்தபிறகும் நிற்கவில்லை. அந்த அம்மா ஊருக்குப் போகாமல் கொட்டகையிலேயே இருந்தார். காலையில் படுதாவைத் தூக்கி, குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டார். உடனே வெளியே இழுத்தார்.

"உள்ள கொதிக்குது தம்பி."

நானும் விட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ந்திருந்த நெல், உள்ளே காய்ச்சல்காரன் வயிறு மாதிரி சுட்டது. புளிப்பு வாடை இன்னும் வரவில்லை. அதிக நேரம் ஆகாது.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆள் குடையோடு கொட்டகைக்குள் வந்தார். ரோட்டில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறது, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்றார். பேண்ட் சட்டை, கையில் ஒரு தகரப்பெட்டி, என் வயசுதான் இருக்கும். மெட்ராஸில் வானிலை ஆபீஸ் வேலை. திருவண்ணாமலையில் மழை அளக்கிற கருவியைச் சரிபார்க்கப் போகிறாராம். நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம். மழை நேரத்தில் வானிலை ஆபீஸ்காரர் நனைந்துபோய் வந்து நிற்பது எங்களுக்கு என்னவோபோல இருந்தது.

அவர் பாய்லர் பக்கம் கையைக் காயவைத்துக்கொண்டு தற்செயலாக மேலே பார்த்தார். பார்த்தவர் கழுத்தை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார்.

"இத யார் ஒட்டனது?"

"நான்தான் சார். தெசை பாத்து ஒட்டியிருக்கறேன்" என்றார் மேஸ்திரி.

"தெசை மாறிப்போச்சு மேஸ்திரி. இது மேல இருந்து கீழ பாத்து எடுத்தது. நீங்க கீழ இருந்து மேல பாக்கறீங்க. இப்படிக் கவுத்து ஒட்டினா கெழக்க இருக்கறது மேற்க வந்துடும்." தன் உள்ளங்கையை விரித்து மேலே பார்க்க வைத்தார், பிறகு அதையே கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. "இந்த மேகம் வங்காள விரிகுடாவுல இருக்குது. திருவண்ணாமலைல இல்ல."

மேஸ்திரி கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதோட இது பழைய படம். பேப்பர்ல வர்றதுக்குள்ள அந்த மேகம் எங்கயோ போய்க் கரைஞ்சிருக்கும். இப்ப பெய்யறது வேற."

"தலைகீழாவும் பாத்துட்டோம், பழசாவும் பாத்துட்டோம்" என்றார் மேஸ்திரி. "ரெண்டு தப்பு சேந்தா சரியாவாவது வந்திருக்கணுமே சார்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கி வெயில் அடிக்குமா, அத மட்டும் சொல்லு சார்" என்றார்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. "தெரியலம்மா. அந்த இயந்திரம் மேகத்தத்தான் பாக்குது. மழை அதுக்குத் தெரியாது. வெள்ளையா இருக்கற இடத்துல பெய்யும்னு நாமளாத்தான் நெனைச்சுக்கறோம். ரெண்டு மூணு நாளைக்கு வெயில நம்ப வேணாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அந்த அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. காலில் ஒட்டியிருந்த நெல்மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரிதான் அதைப் பார்க்கமுடியாமல் எழுந்தார். "எந்திரிம்மா. வெயிலு இல்லன்னா நெருப்பு இல்லியா? நெல்ல உள்ள கொண்டா."

பாய்லரைச் சுற்றி இருந்த செங்கல் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்த மூட்டை, மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் வெளித்தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டு, கூடை கூடையாக நெல்லைச் சுமந்து வந்து மெல்லிசாக விரித்தோம். வானிலை ஆபீஸ்காரரும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கூடை தூக்கினார். மேஸ்திரி அடுப்பு நிறைய உமியைத் தள்ளினார். நானும் அந்த அம்மாவும் மறுபடி கால் போட ஆரம்பித்தோம். இடம் போதாமல் இரண்டு எட்டுக்கு ஒரு திரும்பல்.

ஆவி வந்தது. களத்தில் வருவதைவிட அடர்த்தியாக வந்தது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு எதிரில் வருபவர் முகம் தெரியவில்லை. பாய்லரின் உறுமல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அந்த வெள்ளைக்குள் வானிலை ஆபீஸ்காரர் குரல், யாருக்கென்று இல்லாமல், பேசிக்கொண்டிருந்தது. கடலிலும் இதுதான் நடக்கிறது என்றார். வெயிலில் சூடேறிக் கிடக்கிற கடல். அதிலிருந்து ஆவி எழும்பும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. மேலே போய்த் துளியாக மாறும்போது, கொண்டுபோன சூட்டை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே ஏறும், கீழே இருந்து இன்னும் ஆவியை இழுக்கும். மழைக்காற்றையே அதுதான் ஓட்டுகிறது. இப்போது வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பார்க்கிற ஒரு கண்ணையும் மேலே அனுப்பியிருக்கிறார்களாம். அதற்கு ராத்திரியும் பகலும் ஒன்று.

வெந்நீர் பட்டால் சிவக்கும், ஆவி பட்டால் தோல் கழன்றுவிடும் என்பது என் கைக்குத் தெரியும். இரண்டும் ஒரே தண்ணீர்தானே என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோலில் பட்டுத் தண்ணீராகும்போது ஆவி தன் சூட்டை என்மேல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாள் எங்கள் தலைமேல் குளிர்ந்து விழுந்த மழையெல்லாம், தன் சூட்டை மேலேயே கழற்றிவைத்துவிட்டு வந்ததா? யார் கண்ணிலும் படாத அவ்வளவு பெரிய அடுப்பு ஒன்று எங்களுக்கு மேலே எரிந்துகொண்டிருந்ததா? நடக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தேன்.

அப்போது என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அண்ணாந்து பார்த்தேன். வெளியே மழை பட்டுத் தகரம் குளிர்ந்து கிடந்தது. எங்கள் ஆவி போய் அதில் முட்டி, முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் நெல்மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் தனியாக ஒரு மழை. நாங்கள் காயவைக்கக் காயவைக்க அது நனைத்துக்கொண்டிருந்தது.

"மேல தெறந்துவிடணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் ஒருமுறை சொன்னேன். அதுவும் பாய்லர் சத்தத்தில் போய்விட்டது. மூன்றாவது முறை சொல்ல வெட்கமாக இருந்தது. ஏணியை எடுத்துச் சாத்தி ஏறினேன்.

"யோவ்! எங்க ஏறுற?" என்று மேஸ்திரியின் குரல் மட்டும் வந்தது.

புகைக்குழாய் ஓரமாக, சாரல் அடிக்காத மேற்குப் பக்கத்தில், ஒரு தகரத்தின் கொக்கிகளைக் கழற்றி, அதை வெளியே தள்ளிச் சாய்த்தேன்.

"அடப்பாவி, மழைக்குக் கதவு தெறந்து வெக்கறானே! உள்ள இருக்கறது பத்தலியா உனுக்கு?"

"விடுங்க மேஸ்திரி, அவர் செய்யறது சரி" என்று வானிலை ஆபீஸ்காரர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். இடைவெளி கிடைத்ததும் ஆவி என் முகத்தைத் தடவிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மழைக்கு நடுவில் எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன மேகம் கிளம்பி, மலைப் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. ராஜகிரிமேல் ஏற்கெனவே படுத்திருந்த மேகத்தில் அது கலந்ததா, வழியிலேயே கரைந்ததா என்று தெரியவில்லை. கீழே சொட்டுவது குறைந்தது. மிச்சம் சொட்டிய இடத்தில் படுதாவைச் சாய்வாகக் கட்டினோம்.

ஏணியிலிருந்து இறங்கும்போது அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்டேன். நானாக வாய் திறந்து அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். "சார், மேல இருக்கற கண்ணுக்கு நம்ம மலை தெரியுமா?"

"தெரியாதுப்பா. மலை, ஊர், நாம எதுவும் தெரியாது. அவ்ளோ சின்னத அதால பாக்க முடியாது."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவ்வளவு பெரிய கண் ஒன்று தலைக்குமேல் சுற்றுகிறது, அதன் பார்வையில் நாங்கள் இல்லை. அந்தக் கொட்டகையில் நாங்கள் நாலு பேரும், நெல்லும், நெருப்பும் தனியாக இருந்தோம்.

சாயங்காலம் பாலத்தில் தண்ணீர் வடிந்து, பஸ் கிளம்பியது. அவர் போய்விட்டார். நாங்கள் முறைபோட்டுக்கொண்டு நெல்லைப் புரட்டினோம். ஒருவர் படுத்தால் ஒருவர் கால் போடுவோம். மேஸ்திரி உமி தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா நடந்துகொண்டே மெல்லிய குரலில் ஜெபமாலை சொன்னார். எத்தனையாவது மணியில் இருக்கிறார் என்பதை மறந்து மறந்து மறுபடி தொடங்கினார். அடுத்த நாள் பொழுது சாயும்போது ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. என் கையிலும் ஒன்றைக் கொடுத்து, "நீயும் கடி, எனக்கு ஆசைல அப்பிடிக் கேக்குதோ என்னவோ" என்றார். நானும் கடித்தேன். உடைந்தது.

அரைத்த அரிசி வெயிலில் காய்ந்த அரிசி மாதிரி இல்லை. பழுப்பேறி இருந்தது. நொய் அதிகம். புளிப்பு இல்லை. ஆனால் உமிப் புகையின் வாடை லேசாக இருந்தது. அந்த அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்தார். மூட்டையைக் கட்டினார். கட்டிவிட்டு, "ரெண்டு பேரும் வரணும்" என்றார். "வராம இருந்தீங்க, நான் இங்க வந்து இழுத்துக்கினு போவேன்."

கல்யாண வீடுகளுக்கு நான் போவதில்லை. தெரியாதவர்கள் நடுவில் இலைமுன் உட்காருவது எனக்குப் பெரிய பாடு. மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். கோயிலில் தாலி கட்டி வந்திருந்தார்கள். பந்தல்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். நாங்கள் ஓரமாக நின்றோம். சோறு வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், மீசைக்காரர், ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இன்னா சம்பந்திமா, சோத்துல பொக வாசன வருது?"

பக்கத்து இலைக்காரர்களும் கையை நிறுத்தினார்கள். நான் மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அந்த அம்மா சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்தபடி அவர்முன் வந்து நின்றார்.

"வரும் அண்ணே. ரெண்டு நாளு நெருப்பாண்ட குந்திக்கினு இருந்துச்சு, வராம இன்னா பண்ணும்? எங்க சொந்த நெலத்து நெல்லு. வேணான்னா சொல்லு, எடுத்துடறேன். பின்னால ஆளு நிக்குது."

அவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். "வேணான்னு யாரு சொன்னது? கேட்டேன், அவ்ளோதான். இன்னும் ஒரு கை போடு."

பந்தி முழுக்கச் சிரித்தது. எங்கேயோ உள்ளேயிருந்து மணப்பெண்ணின் பெரிய குரலும் சேர்ந்து சிரித்தது. அதற்குப்பிறகு யாரும் வாசனையைப் பற்றிப் பேசவில்லை. மறுசோறு கேட்டுக் கூப்பிடும் சத்தம்தான் கேட்டது.

கடைசிப் பந்தியில் எங்களை உட்காரவைத்தார்கள். என் இலைக்கு வரும்போது கூடையில் சோறு இல்லை. அந்த அம்மா திரும்பிப் போய், அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டி, தீய்ந்த பொறுக்கோடு சேர்த்துக் கொண்டுவந்து என் இலையில் போட்டார். கல்யாண வீட்டில் எது தீர்ந்தாலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர் நிமிர்ந்து, தூறலுக்கு மேல் கேட்கும்படி, பந்தல் முழுவதற்கும் சொன்னார்:

"எங்க நெல்லு தீந்துடுச்சு. ஒரு மணி கூட இல்ல. எல்லாரும் துன்னு தீத்துட்டாங்க!"